இருபது மில்லிமீட்டர்

பீடோரைத் தாண்டி, செம்பனை ஆலைப் புகைக்குக் கீழே
ஹோவின் பட்டறை.
முன்பு ஈயலம்பத்துக்கு மணல் பம்பு,
பிறகு ஆலைக்குச் சகதிப் பம்பு,
இப்போது கடலுக்கு.
கடல் இங்கிருந்து ஒரு மணி நேரம்.
ஐயாயிரம் மீட்டர் ஆழத்தை
பன்னிரண்டு மீட்டர்க் குழாயில் சோதிக்கிறோம்.

அங்கே தரையில் கறுப்புக் கட்டிகள்
அள்ளுவாரின்றிக் கிடக்கின்றனவாம்,
கொட்டிவிட்ட உருளைக்கிழங்குபோல்.
அரிசிமணி அளவு தடிக்கப் பத்து லட்சம் ஆண்டு.
எங்களிடம் அது ஒன்றுகூட இல்லை.
மூன்றாம் பிரிவுச் சாலையில்
குலை லாரிகள் கக்கிப்போகும் செம்பூரான் கல்லைப்
பசியாறும் முன்பே கூடையில் பொறுக்கிவந்து
சலித்துத் தருவது என் வேலை:
ஐந்து, பத்து, இருபது.
எடை ஏறக்குறைய ஒத்துவரும் என்றான் குணாளன்.
இருபதுக்கு மட்டும் மஞ்சள் சாயம்.

வெறுந்தண்ணீரில் பம்பு
பதினெட்டு மீட்டர் தூக்கும், முணுமுணுக்காமல்.
பொடிக்கல் போட்டாலும் பெரிதாய் ஒன்றுமில்லை.
நீர் வளைந்தால் பொடியும் வளையும்,
கைப்பிடித்துப் போகிற பிள்ளை.
இருபது அப்படியில்லை.
நீர் திரும்பிவிடும்; கல் திரும்பாது.
வந்த வழியின் வேகம் இன்னும் அதன் உடம்பில்.
நேரே போய் இறக்கையின் நெஞ்சில் முட்டும்.
முட்டிய பிறகுதான் திசை.

பின்தங்கிய ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டு போவதில்
நீர் தன் பலத்தை விட்டுக்கொண்டே வரும்.
மானியில் முள் இறங்கும். எழுதுவேன்:
நூற்றுக்குப் பத்துக் கல், பதினைந்தரை மீட்டர்.
மானியைப் பார்க்காமலும் சொல்வேன்.
ஐந்து என்றால் தகரக் கூரையில் தூறல்.
இருபது என்றால்
பூட்டிய வீட்டை யாரோ தட்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இடி.
மின்சாரம் போயிற்று.
தட்டல் நின்றது.
ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் குழாய்க்குள்
ஏறிய கற்களெல்லாம் இறங்கி வந்தன.
உயரத்திலிருந்தவை கடைசியாய்,
ஒன்று,
இன்னும் ஒன்று,
முடிந்தது என்று நினைத்தபின் ஒன்று.
குணாளன் தே ஓ கிளாசை வாயருகே வைத்தபடி
குடிக்காமல் நின்றான்.

விளக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால்
மோட்டார் முனகியது, சுழலவில்லை.

தமாங் எட்டு போல்ட்டைக் கழற்றினான்.
இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே
நாற்பத்தைந்து மில்லி வழி.
ஒரு கல் போகும். இரண்டு போகும்.
மூன்று மஞ்சள் கற்கள்
ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து
வளைவு கட்டி நின்றன.
சிமெண்டு இல்லை, கொத்தன் இல்லை.
மேலே விழுந்த ஒவ்வொரு கல்லும்
அதை இன்னும் இறுக்கியிருந்தது.
தமாங் சுத்தியலின் காம்பால் லேசாய்த் தட்டினான்.
மொத்தமும் சரிந்தது.

ஹோ எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"இங்கே திறக்கலாம். அங்கே கீழே
யாரு ஸ்பானர் பிடிக்கிறது லா?"
குணாளன் சுவரில் கரியால் எழுதினான்:
வழி, கல்லைப்போல் மூன்று மடங்கு.
கொஞ்சம் யோசித்து, மூன்றை அடித்து நான்கு ஆக்கினான்.

மாலையில் கற்களை மறுபடி எண்ணினேன்.
போட்டது நானூறு. வந்ததும் நானூறு.
கணக்கு சரி என்று மூடியிருக்கலாம்.
ஏனோ இன்னொரு தரம் சலித்தேன்.
முப்பத்தொன்று
இருபதின் கண்ணில் நழுவிக் கீழே விழுந்தன.
தொட்டித் தண்ணீரில் மஞ்சள் பாடை.

இறக்கை எவ்வளவு தேய்ந்தது என்று எழுத
அறிக்கையில் கட்டம் உண்டு.
கல் எவ்வளவு தேய்ந்தது என்று எழுத இல்லை.

இனி இவை இருபதும் இல்லை,
பத்தில் போட்டால் பத்தும் இல்லை.
மைலோ டின்னில் போட்டு
மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்.
பம்பு ஓடும்போது
டின்னும் கூடவே அதிர்கிறது.